முகப்பில் ஒரு பெயர், உள்ளே வேறொரு பெயர்: உங்கள் கண்காணிப்புப் பதிவுக் கருவியைத் தயாரித்தவர் யார்?

கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கேமரா. உள்ளறையில் அக்காட்சிகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். எனப்படும் பதிவுக் கருவி. சிறு கடைகளிலும் குடியிருப்புகளிலும் இன்று இது வழக்கமான காட்சியாகிவிட்டது. கருவியின் முகப்பில் ஒரு வணிகப் பெயர் இருக்கும். ஆனால், அது பல நேரங்களில் விற்பவரின் பெயரே அன்றித் தயாரித்தவரின் பெயர் அன்று.

ஓர் ஆலையின் கருவியைப் பல நிறுவனங்கள் வாங்கித் தத்தம் பெயரில் விற்பது இத்துறையில் வெகுகாலமாக நிலவும் வணிக முறையாகும். சீனாவின் ஹாங்சோ நகரைச் சேர்ந்த ஹிக்விஷன், தாஹுவா, சியோங்மாய் ஆகிய நிறுவனங்களின் தயாரிப்புகள் பற்பல பெயர்களில் உலகெங்கும் விற்பனையாகியுள்ளன. மேலுறை மாறினாலும் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையும் அடிப்படை மென்பொருளும் பெரும்பாலும் மாறுவதில்லை.

ஏன் அறிய வேண்டும்?

2016 அக்டோபரில் ‘மிராய்’ என்னும் தீநிரல், ஆலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத பதிவுக் கருவிகளையும் கேமராக்களையும் கைப்பற்றி, அவற்றின் வழியே டின் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர் உள்ளிட்ட பெருந்தளங்கள் பலருக்குக் கிட்டாமற்போயின. அதன்பின் சியோங்மாய் தன் தயாரிப்புகள் சிலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வேறு பெயரில் அக்கருவியை வாங்கியவர், அந்த அறிவிப்பு தமக்கும் உரியது என்பதை எவ்வாறு உணர்வார்?

மற்றோர் ஆபத்து நம் பணத்தை நேரடியாகத் தொடுவது. கடவுச்சொல் மறந்துபோனால், பலர் முகப்பில் உள்ள பெயரை இணையத்தில் தேடி, முதலில் தென்படும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணை அழைக்கின்றனர். அது போலி எண்ணாயின், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, வங்கி விவரங்களைக் கவர்ந்துவிடுவர்.

அறியும் வழிகள்

முதலாவது, பி.ஐ.எஸ். பதிவு எண். கருவியின் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள சீட்டில், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியீட்டுடன் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டிலக்க எண் இருக்கும். அதனை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், பதிவு பெற்ற தயாரிப்பாளரின் பெயர் தெரியவரும். மின் அடாப்டருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. அதனைக் கருவியின் எண்ணாகக் கொண்டுவிடலாகாது.

இரண்டாவது, மேக் முகவரி. கருவியின் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் காணப்படும் இப்பன்னிரண்டு குறிகளுள் முதல் ஆறு, ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பன்னாட்டு அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்குவதாகும். அவ்வமைப்பின் பொதுப் பட்டியலில் அவற்றைத் தேடினால் உரிய நிறுவனம் புலப்படும். சில வேளைகளில் அது வலைத்தொடர்புச் சில்லு செய்தவரின் பெயராகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, செயலியும் போர்ட் எண்ணும். கைப்பேசியில் காட்சியைக் காண ‘ஹிக்-கனெக்ட்’ செயலி தேவைப்பட்டால் ஹிக்விஷன் எனவும், ‘டி.எம்.எஸ்.எஸ்.’ எனில் தாஹுவா எனவும், ‘எக்ஸ்.எம்.ஐ’ எனில் சியோங்மாய் எனவும் ஊகிக்கலாம். இவற்றின் வழக்கமான போர்ட் எண்கள் முறையே 8000, 37777, 34567 ஆகும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது. இரண்டேனும் ஒத்துப்போக வேண்டும். ஒரே வணிகப் பெயரில் வரும் இரு மாடல்கள் இரு வேறு ஆலைகளைச் சேர்ந்தனவாகவும் இருக்கலாம் என்பதால், மாடல்தோறும் சரிபார்த்தல் நலம்.

அறிந்தபின் செய்ய வேண்டியவை

தயாரித்தவரின் பாதுகாப்பு அறிவிப்புகளை அவருடைய இணையதளத்தில் அவ்வப்போது பாருங்கள். உங்கள் கருவியைக் குறித்த அறிவிப்பு இருப்பின், அதற்குரிய மென்பொருள் மேம்பாட்டை விற்ற நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். தயாரிப்பாளர் ஒருவரே என்று எண்ணி வேறு மாடலின் மென்பொருளை ஏற்றினால், கருவி செயலிழந்துவிடக்கூடும். ஆலைக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். பில் போடும் கணினியும் பதிவுக் கருவியும் ஒரே இணைய இணைப்பில் இருப்பதைத் தவிருங்கள். வாடிக்கையாளர் பின் எண்ணை அழுத்தும் இடத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள்.

சேவை எண்ணை ரசீதிலிருந்தும் உத்தரவாத அட்டையிலிருந்தும் மட்டுமே எடுங்கள். கருவியைச் சரிசெய்ய ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. பின் எண்ணோ ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், தாமதியாது 1930 என்ற உதவி எண்ணை அழைப்பதுடன், வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.

பதிவு எண், மாடல், தயாரித்தவர் பெயர் ஆகியவற்றை இன்றே ஒரு தாளில் குறித்து, ரசீதுடன் சேர்த்து வையுங்கள். இடர் நேரும் வேளையில் எவரை அணுகுவது என்ற தடுமாற்றத்தை அந்த ஒரு தாள் தவிர்க்கும்.