வாசல் விளக்கில் முட்டும் வண்டு... உங்கள் தோட்டத்துச் சேதி!

கோடை மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். வேலை முடிந்து, குளித்துவிட்டு, வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுச் சாய்ந்திருப்போம். ‘ர்ர்ர்...’ என்று ஒரு சத்தம். பல்பில் மோதி, சுவரில் முட்டி, கடைசியில் நம் கன்னத்தில் ‘டப்’பென்று அடித்துவிட்டுக் கீழே மல்லாந்து விழும் ஒரு வண்டு. எழவும் தெரியாமல் காலை உதைத்துக்கொண்டே கிடக்கும். “கண்ணு தெரியாத கழுதை” என்று திட்டிவிட்டு, செருப்பால் தள்ளிவிடுவோம்.

நானும் அப்படித்தான் தள்ளிவிட்டேன். அதற்குக் கொடுத்த விலை 14 தென்னங்கன்றுகள்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல், தோப்பைப் படுக்கப் போட்டுவிட்டது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஆளும் இல்லை, காசும் இல்லை. வேலியோரம் உருட்டித் தள்ளிவிட்டு, புதிதாக 60 கன்று நட்டேன். இரண்டாவது கோடையில், ஒரு ராத்திரிக்கு ஏழெட்டு வண்டு வாசலுக்கு வந்தன. பேரப்பிள்ளைகள் அவற்றின் கொம்பில் நூல் கட்டி விளையாடினார்கள். நானும் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குருத்து விரிந்தபோதுதான் தெரிந்தது. கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல ஓலையெல்லாம் முக்கோணமாக வெட்டு. 14 கன்றுகள் குருத்து அழுகிச் செத்தன. வேலியோரம் மட்கிக் கிடந்த அடிமரத்தைக் கோடரியால் பிளந்தால், உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

ஏன் இப்படி முட்டி விழுகிறது?

வண்டுக்கு முன்னிறக்கை இரண்டும் ஓடுபோலக் கெட்டியானவை. அவற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே மடித்து வைத்திருக்கும் மெல்லிய பின்னிறக்கையால்தான் பறக்க வேண்டும். உடம்போ கனம். அதனால் தட்டானைப்போலச் சட்டென்று திரும்ப முடியாது.

விளக்கும் அதைக் குழப்புகிறது. இரவில் தரையைவிட வானம் வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறப்பதுதான் பூச்சிகளின் வழக்கம். பக்கத்தில் பல்பு எரிந்தால் அதற்கு முதுகைத் திருப்பப்போய், சுற்றிச்சுற்றி வந்து கவிழ்கின்றன என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு விளக்குகிறது. மல்லாந்து விழுந்தால், வழவழப்பான சிமென்ட் தரையில் நகம் பிடிக்காது. அதனால்தான் எழ முடிவதில்லை.

கொல்லும் முன் யாரென்று பாருங்கள்

*காண்டாமிருக வண்டு:* கறுப்பாக, நீள உருளையாக, 4 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும். தலையில் பின்னோக்கி வளைந்த கொம்பு. ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது. பெண் வண்டின் வால்பகுதியில் செம்பழுப்பு நிற ரோமம் இருக்கும். இது தென்னையின் எதிரி. எருக்குழியிலும் மட்கிய மரத்திலும் முட்டையிடும்.

*வேர்ப்புழு வண்டு:* பழுப்பு நிறம், சுமார் 2 சென்டிமீட்டர், கொம்பு கிடையாது. முதல் கோடை மழைக்குப் பிறகு, பொழுது சாய்ந்ததும் மண்ணிலிருந்து கூட்டமாகக் கிளம்பும். வேம்பு, முருங்கை, இலந்தை மரங்களில் இலை தின்றுவிட்டு, விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பிவிடும். இதன் புழுதான் நிலக்கடலை, கரும்பின் வேரைக் கடிக்கிறது. வாடிய கடலைச் செடியைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும்.

*சாணி வண்டு:* இது நம் கூலியில்லாத வேலைக்காரன். சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப்போய் உரமாக்கும், ஈயையும் குறைக்கும். மாட்டுச் சாணத்தைச் சமாளிக்க முடியாமல், ஆஸ்திரேலியா 1960-களிலிருந்து வெளிநாட்டுச் சாணி வண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து விட்டது. சில வகைக்குக் கொம்பு உண்டு என்பதால், காண்டாமிருக வண்டு என்று நினைத்து மிதித்துவிடுகிறோம். அகன்று உருண்ட உடம்பு, மண்வெட்டிபோலத் தட்டையான தலை இருந்தால் அது சாணி வண்டு. எடுத்துத் தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலையில் செய்ய வேண்டியவை

காண்டாமிருக வண்டு வந்திருந்தால், முதலில் எருக்குழிக்குப் போங்கள். எருவைப் புரட்டிப் புழுக்களைப் பொறுக்குங்கள், கோழிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மெட்டாரைசியம் பூஞ்சணத்தை எருவில் கலந்து ஈரம் காயாமல் வைத்தால் புழுக்கள் நோய் கண்டு சாகும். பட்டுப்போன மரத்தைத் தோப்பில் விடாதீர்கள்.

கன்றுகளுக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்பக்கத்து மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால் வண்டு வந்து விழும். இனக்கவர்ச்சிப் பொறி 5 ஏக்கருக்கு ஒன்று போதும். ஆனால், கன்றுகளுக்கு நடுவே கட்டாதீர்கள், வண்டை நாமே அழைத்ததாகிவிடும்.

வேர்ப்புழு வண்டு என்றால் அன்று ராத்திரியே வேலை. வேம்பு, முருங்கைக் கிளைகளை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். சில நாள் தொடர்ந்து, அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன். கோடை உழவு போட்டால் புழுக்கள் மேலே வரும், மைனாவும் காக்கையும் கொத்திக்கொள்ளும்.

வழக்கமாக வரும் இரண்டு கேள்விகள்

*ராத்திரி முழுக்க விளக்குப்பொறி எரியலாமா?*
வேண்டாம். மழைக்குப் பிந்தைய நாள்களில் இரவு 7 மணி முதல் 10 மணி வரை போதும். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.

*காதில் பூச்சி புகுந்தால்?*
ஊக்கு, குச்சி எதையும் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டையோ, காதில் சீழோ இல்லாதவர்களுக்கு, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கும். பிறகு மருத்துவரிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் சாயங்காலம் கட்டிலில்தான் சாய்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு டார்ச் லைட்டும் மூடி போட்ட டப்பாவும் இருக்கும். வண்டு விழுந்தால் பேரன்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்கிறான்: “தாத்தா, இது நம்ம சாணி வண்டு!”