திட்டத்தில் இடம் பெறாத மக்கள்

1941 டிசம்பர் 8ஆம் தேதி. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஜப்பானியப் படை கிளந்தானின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபதே நாளில் மலாயா முழுவதும் கைமாறியது எப்படி?

யாரும் எதிர்பார்க்கவில்லை என்பார்கள் சிலர். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆபத்து வடக்கிலிருந்தும் வரலாம், பருவமழைக் காலத்திலும் எதிரி கரை இறங்கலாம் என்று 1937ஆம் ஆண்டிலேயே ஜெனரல் டோபியும் அவரிடம் பணியாற்றிய பெர்சிவலும் எச்சரித்தனர். தென் தாய்லாந்தின் சிங்கோராவை முந்திக்கொண்டு பிடிக்க 'மெட்டடோர்' என்ற திட்டமும் தயாராக இருந்தது. நடுநிலை நாட்டில் முதலில் நுழைந்த பழி வருமோ என்ற தயக்கத்தில் அது கைவிடப்பட்டது. ஜப்பானோ 1941இன் தொடக்கத்திலிருந்தே தைவானில் வெப்ப நாட்டுப் போர்முறையை ஆராய்ந்து வந்தது. அதன் வீரர்கள் சைக்கிளில் விரைந்தனர். தகர்க்கப்பட்ட பாலங்களை அதன் பொறியாளர்கள் உடனுக்குடன் சரிசெய்தனர்.

இது திட்டங்களின் கதை. மக்களின் கதை வேறு.

டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கின் மேல் விமானங்கள் வந்தபோது மக்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தனர். பதுங்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை. குண்டுகள் விழுந்தன, பலர் மாண்டனர். சில நாள்களில் ஐரோப்பியர்கள் இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர். மற்ற இனத்தவர் கைவிடப்பட்டனர். அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து, கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். ஆங்கிலேயர் போய்விட்டனர் என்று வானொலியில் அறிவித்தார். மேலும் குண்டு விழாமல் காப்பதே நோக்கம். பின்னாளில் அவர் தம் நினைவுகளை நூலாக எழுதினார்.

எழுதத் தெரிந்தவர் எழுதினார். எழுதாதவர்கள்? சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் விட்டுச் சென்ற எழுத்து மிகக் குறைவு. அவர்களுடைய வரலாறு பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் வாழ்ந்தது. இதனால்தான் வாய்மொழிப் பதிவுகள் முக்கியம் ஆகின்றன. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய பேட்டிகளை 1980களிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது.

நினைவு தேதியில் தவறலாம். ஆனால் மரவள்ளிக்கிழங்கால் பசியாறிய நாள்களை எந்தப் படைத் திட்டமும் சொல்லாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், எந்தத் தோட்டம், யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்ய வேண்டிய நேரம் இது.