பெயரும் மனை எண்ணும் கலையாகாதா?

அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பைத் தடுப்பதற்குக் காவல்துறை வர வேண்டியதில்லை; நீதிமன்ற ஆணையும் தேவையில்லை. ‘இது கலை அன்று’ என்று இயக்குநர் ஒருவர் தீர்ப்பளித்தால் போதும். அதன்பின் நிகழ்வதற்குத் தணிக்கை என்ற பெயர்கூடக் கிடைப்பதில்லை. அது வெறும் ‘தேர்வு’ ஆகிவிடுகிறது. இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை 1971இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் நடந்ததைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் 1936இல் பிறந்தவர் ஹான்ஸ் ஹாக்கே. நியூயார்க்கில் வாழ்ந்துவந்த அவரது தனிக் கண்காட்சி அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் குகன்ஹைமில் திறக்கப்படவிருந்தது. அதற்கென அவர் உருவாக்கிய படைப்புகளுள் ஒன்று, ஷபோல்ஸ்கி என்னும் நில முதலாளியின் மன்ஹாட்டன் உடைமைகளைப் பற்றியது. ‘1971 மே 1 நிலவரப்படி’ என்று அதன் நீண்ட தலைப்பு முடிகிறது. அதில் 142 கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் உள்ளன. தெருவில் நின்று நேராக எடுக்கப்பட்ட கட்டட முகப்புகளும் வெற்று மனைகளும்தான் அவை. ஒவ்வொரு படத்துடனும் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருக்கும். முகவரி, மனை எண், பரப்பளவு, எந்த நிறுவனத்தின் பெயரில் பத்திரம் உள்ளது, அதன் பொறுப்பாளர்கள் யார், எப்போது யாரிடமிருந்து வாங்கப்பட்டது, அடமானம் எவ்வளவு, வரிக்கான மதிப்பீடு எவ்வளவு என்பவை அதில் இருக்கும். வேறெதுவும் இல்லை.

இக்கட்டடங்கள் பெரும்பாலும் லோயர் ஈஸ்ட் சைடிலும் ஹார்லமிலும் இருந்தன. நகரின் வறியவர்கள், குறிப்பாகக் கறுப்பின மக்களும் புவெர்ட்டோ ரிக்கோ மக்களும், செறிந்து வாழ்ந்த பகுதிகள் அவை. உடைமைகள் ஏறத்தாழ எழுபது நிறுவனங்களின் பெயர்களில் சிதறிக் கிடந்தன. அந்நிறுவனங்கள் தமக்குள்ளேயே விற்றுக்கொண்டன, அடமானம் வைத்துக்கொண்டன. ஒரு பத்திரத்தைத் தனியே எடுத்துப் பார்ப்பவருக்கு இது புலப்படாது. அனைத்தையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டினால், எழுபது பெயர்களுக்குப் பின்னால் ஒரே குடும்பமும் அதன் கூட்டாளிகளும் நிற்பது தெரிந்துவிடும். இத்தனைக்கும் ஹாக்கே எந்த இரகசிய ஆவணத்தையும் கைப்பற்றவில்லை. மாவட்டப் பதிவு அலுவலகத்தில் எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய பதிவேடுகளையே அவர் தொகுத்திருந்தார்.

திறப்புக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் இயக்குநர் தாமஸ் மெசர் கண்காட்சியை இரத்து செய்தார். ஷபோல்ஸ்கி படைப்பு, அதைப் போன்றே வேறு இரு நில முதலாளிகளைப் பற்றிய படைப்பு, பார்வையாளர்களிடம் சமூக, அரசியல் வினாக்களைத் தொடுக்கும் கருத்துக்கணிப்பு ஆகிய மூன்றும் அவருக்கு ஏற்புடையவையாக இல்லை. வழக்கு வரக்கூடும் என்ற அச்சத்தையும் அவர் காட்டினார். ஆயினும் அவர் முன்வைத்த முதன்மையான வாதம் வேறு. கலைக்கு அரசியல் விளைவுகள் இருக்கலாம். ஆனால் அவை மறைமுகமாகவும் பொதுமைப்பட்ட உருவிலும் வெளிப்பட வேண்டும். நேரடியாக அன்று என்பதே அவ்வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தைச் சற்றே நின்று ஆராய வேண்டும். வறுமையைச் சித்திரிக்க மெசர் தடை சொல்லவில்லை. கிழிந்த உடையும் குழிவிழுந்த கண்களும் கொண்ட ஏழையின் ஓவியத்தை எந்த அருங்காட்சியகமும் மகிழ்ந்து மாட்டும். அது பார்ப்பவரின் நெஞ்சை உருக்கிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். அந்த ஏழையின் வீட்டுக்கு உரிமையாளர் யார் என்று பெயரிட்டால்தான் அது ‘அரசியல்’ ஆகிறது. நமக்கு இது புதிய செய்தி அன்று. சேரி எரிக்கப்பட்ட மறுநாள் அழும் தாயின் படத்தை முதற்பக்கத்தில் வெளியிடும் நாளேடுகள், எரித்தவர்களின் சாதியை எழுத நேரும்போது ‘இரு தரப்பினர்’ என்றும் ‘மாற்றுச் சமூகத்தினர்’ என்றும் குழைவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பாதிக்கப்பட்டவரின் முகம் வேண்டும். பாதிப்பை ஏற்படுத்தியவரின் பெயர் வேண்டாம்.

ஹாக்கேயை ஆதரித்துப் பேசிய காப்பாட்சியர் எட்வர்ட் ஃப்ரை பணிநீக்கம் செய்யப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் குகன்ஹைமில் தம் படைப்புகளைக் காட்டப்போவதில்லை என்று அறிவித்தனர். அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கும் ஷபோல்ஸ்கிக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கும் என்று அன்று பலரும் ஐயுற்றனர். அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. சான்று கிடைக்காததே கூடுதலாகக் கவலை தருவது என்பது என் கருத்து. தனிப்பட்ட ஆதாயம் இல்லாதபோதும் உடைமையாளர்களின் பெயர்களைக் காப்பது அந்நிறுவனத்துக்கு இயல்பான செயலாகத் தோன்றியிருக்கிறது. 1974இல் ஹாக்கே அதே அறங்காவலர் குழுவையே தம் அடுத்த படைப்புக்குப் பொருளாக்கினார். சிலி நாட்டில் செப்புச் சுரங்கங்களை வைத்திருந்த கென்னகாட் நிறுவனத்துடன் குழுவினர் சிலருக்கு இருந்த தொடர்பை அதில் அவர் பட்டியலிட்டார். அச்சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய அயெந்தேயின் அரசு அதற்கு முந்தைய ஆண்டுதான் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டிருந்தது.

அதே 1974இல் அவர் பிறந்த கொலோன் நகரிலும் கதவு மூடப்பட்டது. வால்ராஃப் ரிச்சார்ட்ஸ் அருங்காட்சியகத்திடம் இருந்த, மனே தீட்டிய தண்ணீர்விட்டான் தண்டுக் கட்டின் ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்பதை ஹாக்கே பத்துப் பலகைகளில் எழுதினார். அவ்வோவியத்தை அருங்காட்சியகத்துக்குப் பெற்றுத்தரும் முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் ஹெர்மன் யோசெஃப் ஆப்ஸ். நாஜி ஆட்சிக் காலத்தில் டாய்ச்ச வங்கியின் இயக்குநர் குழுவில் இருந்தவர். அவர் வகித்த பதவிகளின் பட்டியலும் ஒரு பலகையில் இருந்தது. படைப்பு ஏற்கப்படவில்லை. பிரெஞ்சுக் கலைஞர் டேனியல் புரென் அப்பலகைகளின் நகல்களைத் தம் படைப்பின்மீது ஒட்டிக் காட்சிப்படுத்தினார். அருங்காட்சியகத்தார் அவற்றின்மீது வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தனர்.

குகன்ஹைம் மறுத்த ஷபோல்ஸ்கி படைப்பை 2007இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் பார்சிலோனாவின் தற்காலக் கலை அருங்காட்சியகமும் இணைந்து விலைக்கு வாங்கின. தலைப்பில் உள்ள ‘நிலவர’ நாளுக்கு அப்போது 36 வயது.