பச்சை நாட்டில் ஒரு பாலைவனம்: லம்பத்து மண்ணைத் தெரிந்துகொள்வோம்



ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்கோ கம்பாருக்கோ போகும்போது ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர் நிறைந்த ஈயக் குட்டை. அதன் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று மணல் மேடு. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லாலான் புல். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கிந்தா பள்ளத்தாக்கில் இப்படி ஒரு பாலைவனம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பகுதியில் சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்சினை என்றே எழுதி வருகிறோம். இந்த வாரம் மண்ணைப் பற்றி எழுதுகிறோம். காரணம் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியது. பிறகு வீடமைப்புக்குப் போனது. லயம் காலியானது. கையில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைத் தரகர் ஒருவரிடம் கொடுத்து, பழைய ஈய லம்பத்து நிலத்தில் அரை ஏக்கர் எடுத்தார். வாழையும் ரம்புத்தானும் வைத்தார். "அண்ணே, மண்ணைப் பாத்தீங்களா?" என்று அப்போதே கேட்டோம். "தம்பி, இது மரத்துக்கு உரம் போட்ட கையி. மண்ணு நம்மள ஏமாத்துமா?" என்றார்.

ஏமாற்றிவிட்டது. மூன்று மூட்டை உரம் போட்டும் இலை மஞ்சளித்தது. வெயில் காலத்தில் கன்று காய்ந்தது. மழை காலம் வந்ததும், பிழைத்திருந்த வாழை வேர் அழுகிச் சாய்ந்தது. "மேல காஞ்சு கெடக்கு, கீழ ஊறிக் கெடக்கு, இது என்ன மண்ணு தம்பி?" என்று கேட்டார் அண்ணி. மண்வெட்டியை வாங்கி நாமே தோண்டினோம். மூன்று அடிக்கு வெறும் மணல். அதன் அடியில் நீலச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று களி. அதன்மேல் தண்ணீர் தேங்கி நின்றது. அண்ணி கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் குழியிலேயே இருந்தது.

பள்ளத்தாக்கு உண்டான விதம்

கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இரண்டும் கருங்கல் மலைகள். நடுவில் கிந்தா பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. 25 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையது. ஈப்போவைச் சுற்றிக் குகைக் கோயில்களோடு நிற்கும் குன்றுகள் அந்தப் பாறையின் மிச்சங்களே.

கருங்கல் மலை வெயிலிலும் மழையிலும் இற்று உதிர்ந்தது. மணல், களி, கூழாங்கல் எல்லாவற்றையும் ஆறுகள் அடித்து வந்து பள்ளத்தாக்கில் போட்டன. இதைத்தான் வண்டல் என்கிறோம். கூடவே ஈயத் தாதுவும் வந்தது. மணலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது அது. ஆகவே அடியில் தங்கியது. சுண்ணாம்புப் பாறையின் பள்ளங்களில் நிறையச் சேர்ந்தது. மேலே காட்டு மண், அதன் கீழே மணலும் களியும் மாறி மாறி, அடியில் தாது கலந்த சரளை, அதற்கும் கீழே பாறை. இயற்கை அடுக்கி வைத்த வரிசை இதுதான்.

நம் ரப்பர் தோட்டங்கள் இருந்த மேட்டு நிலத்தின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கருங்கல் இருந்த இடத்திலேயே இற்றுப் போய் ஆழமான செம்மஞ்சள் மண்ணாகியிருக்கிறது. மண் ஆராய்ச்சிக்காரர்கள் 'ரெங்கம்' வகை என்று சொல்லும் மண் அப்படிப்பட்டது. அது புளிப்பு மண்; சத்தும் அதிகமில்லை. ஆனாலும் களியும் மணலும் சரியாகக் கலந்திருப்பதால் வேர் ஆழமாக இறங்கும். மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. அந்த மண்ணில் பழகிய கை, லம்பத்து மண்ணையும் அப்படியே நினைத்துவிடுகிறது. நம் அண்ணன் செய்த தவறும் இதுதான்.

பாலோங் பிரித்த மண்

ஈயச் சுரங்கத்தில் என்ன செய்தார்கள்? தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தார்கள். அந்தக் குழம்பைப் பம்பு வைத்து உயரமான மரத் தொட்டிக்கு ஏற்றினார்கள். அதன் பெயர் பாலோங். கனமான தாது பாலோங்கின் தடுப்புகளில் தங்கியது. மற்றதெல்லாம் வெளியே ஓடியது. கனமான மணல் பாலோங் வாயருகிலேயே விழுந்து மேடானது. நுண்ணிய களி தண்ணீரோடு தூரம் போய்ப் பள்ளத்தில் படிந்தது. ஈயக் கப்பல்கள் வெட்டிய இடத்திலும் நடந்தது இதுவே. 1938இல் கட்டப்பட்ட பழைய கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கை விரித்தது. கிந்தாவில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தீபகற்ப மலேசியாவில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் முன்னாள் ஈய நிலம். அதில் பேராவின் பங்கே பெரிது.

மண் அதே மண்தான். ஆனால் இயற்கை கலந்து வைத்ததை மனிதன் பிரித்துப் போட்டுவிட்டான். மணல் ஒரு பக்கம், களி ஒரு பக்கம். கேடு அங்கேதான் வந்தது.

உண்மைப் பாலைவன மண்ணும் நம் மணலும்

பாலைவனத்திலும் வண்டல் உண்டு. எப்போதோ ஒருமுறை பெய்யும் மழையில் மலையடி ஓடைகள் பெருக்கெடுத்து, சரளை, மணல், வண்டல் என்று அடுக்கடுக்காகப் போட்டுவிட்டுக் காய்ந்து போகும். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் இப்படிப்பட்ட மண் இருக்கிறது. அங்கே மழை குறைவு என்பதால் மண்ணில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் கழுவப்பட்டுப் போவதில்லை. அவை கொஞ்சம் ஆழத்தில் இறுகிக் கல் போன்ற அடுக்காகும். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் சுக்கான் கல் என்பார்களே, அந்த ஜாதி. அங்கே சத்து இருக்கிறது, தண்ணீர் இல்லை. தண்ணீர் கொடுத்தால் விளையும்.

நம் லம்பத்து மணல் நேர் எதிர். இங்கே தண்ணீர் இருக்கிறது, சத்து இல்லை. போடும் உரத்தைக் களிதான் பிடித்து வைக்கும். மணலுக்கு அந்தச் சக்தி கிடையாது. கடனாளி கைக்கு வந்த சம்பளம் மாதிரி, போட்ட உரம் அடுத்த மழையில் போய்விடும். நடுப்பகலில் மணலின் மேற்பரப்பு 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். இளங்கன்று தாங்குமா?

குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது நம் முன்னோர் கருத்து. அவர்கள் வெயில் கெடுத்த நிலத்தைச் சொன்னார்கள். கிந்தாவில் இயந்திரம் கெடுத்தது.

மூன்று வகைத் தரை

லம்பத்து நிலத்தை ஒரே நிலமாக நினைக்காதீர்கள். வெறும் மணல், மணலும் களியும் கலந்தது, வெறும் களி என்று மூன்று வகை உண்டு. ஒரே அரை ஏக்கரில் மூன்றும் இருக்கலாம். பாலோங்கை இடம் மாற்றி மாற்றி வைத்ததால் களிமேல் மணலும், மணல்மேல் களியும் படிந்திருக்கும். மேலே மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பணம் கொடுப்பதற்கு முன்னால் நான்கு சோதனைகள் செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை.

முதலாவது, நிலத்தில் மூன்று இடங்களில் நான்கடி ஆழம் தோண்டுங்கள். எத்தனையாவது அடியில் மண் மாறுகிறது என்று பாருங்கள். நீலச் சாம்பல் நிறமும் அழுகல் வாடையும் இருந்தால், அங்கே தண்ணீர் தேங்குகிறது, காற்று போகவில்லை என்று பொருள்.

இரண்டாவது, அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிஷத்தில் காணாமல் போனால் மணல். மறுநாளும் நின்றால் களி.

மூன்றாவது, ஈர மண்ணைக் கையில் உருட்டுங்கள். மணல் உதிரும். களி, சப்பாத்தி மாவு மாதிரி நீளும், வளைத்தால் மோதிரமாகும்.

நான்காவது, ஒரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் நிற்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி மறுநாள்கூடக் கலங்கியே இருக்கும். பாலோங் செய்த வேலையைப் போத்தலுக்குள்ளேயே பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள்.

என்ன நடலாம்?

லம்பத்து மண்ணில் ஒன்றுமே விளையாது என்று சொல்லவில்லை. குட்டை ஓரத்துத் தாழ்ந்த மணலில், மூன்று நான்கு அடியில் ஈரம் இருந்தால், கோழி எரு போட்டுக் கீரை, கச்சான், மரவள்ளி, தர்ப்பூசணி எடுக்கலாம். கச்சானுக்கு இளகிய மண் நல்லது. பூத்த பிறகு காம்பு மண்ணுக்குள் இறங்க வேண்டும் அல்லவா? கலப்புத் தரையில் கொய்யா, பம்பளிமாஸ் போன்ற பழ மரங்கள் வரும். களித் தரை என்றால் வடிகால் வெட்டி, பாத்தியை உயர்த்த வேண்டும். ஈரம் விரும்பும் கங்கோங் அதில் செழிக்கும். உயரமான மணல் மேட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

மணலைத் திருத்த மூன்று வழிகள். ஒன்று, அடியில் கிடக்கும் களியைக் கொண்டுவந்து மணலில் கலப்பது. இரண்டு, செம்பனை ஆலையின் வெறுங்குலையை மேலே பரப்பி மூடாக்குப் போடுவது. மண் சூடு தணியும். மூன்று, உரத்தை மொத்தமாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடுவது. ரப்பர் கன்றுகளுக்கு நடுவே கொடி வளர்த்து மண்ணைக் காத்தோமே, அதே கொடிவகைப் பயிர் இங்கும் உதவும். பீடோரில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இப்படிப்பட்ட மணல் தரையிலேயே மரங்களை வளர்த்துக் காட்டியிருக்கிறது. செய்ய முடியும். ஆனால் காலமும் எருவும் வேண்டும். கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

எச்சரிக்கை

காய்ந்து வெடித்த களிக் குட்டை, மேலே கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் உள்ளே இழுக்கும். ஈயக் குட்டைகளின் கரை செங்குத்தானது. பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். களித் தரையில் சரியான அஸ்திவாரமின்றி வீடு கட்டினால் தரை அமிழ்ந்து சுவர் பிளக்கும். அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையில் பொந்துகள் உண்டு. திடீரென்று குழி விழுவதும் இந்தப் பள்ளத்தாக்கில் நடப்பதுதான்.

இன்னொன்று. ஈயம் பிரித்த பின் மிஞ்சும் கறுப்பு மணலுக்கு 'அமாங்' என்று பெயர். அதில் உள்ள மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது. மோனசைட்டைப் பயன்படுத்தி 1982இல் புக்கிட் மேராவில் தொடங்கிய தொழிற்சாலையை எதிர்த்து மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். அது 1994இல் மூடப்பட்டது. அமாங் மணலை வாசலில் கொட்டி நிரப்ப வேண்டாம்.

பத்திரத்தையும் பாருங்கள்

நம் அண்ணன் கையில் இருந்த காகிதம் வேறு ஒருவர் பெயரில் எடுத்த டி.ஓ.எல். நகல். தற்காலிகமாக நிலத்தைப் பயன்படுத்தும் உரிமம் அது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, அந்த உரிமம் அந்த ஆண்டின் முடிவுக்கு மேல் செல்லாது, புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அப்படியிருக்க, "டி.ஓ.எல். நிலம் விற்கிறேன்" என்று ஒருவர் வந்தால் அவர் எதை விற்கிறார்? நில அலுவலகத்தில் கேட்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி சேர்ந்து நின்றால்தான் நிலம் கிடைக்கும் என்பது அதன் பாடம். தனியாகப் போய்த் தரகரிடம் மாட்டுவதைவிட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படித்த பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். சங்கக் கிளையில் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அண்ணன் இப்போது அந்த அரை ஏக்கரை விட்டுவிட்டார். கொடுத்த பணம் திரும்பவில்லை. மகள் வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு இருபதடி இடத்தில் கீரைப் பாத்தி போட்டிருக்கிறார். போன மாதம் போனபோது ஒரு போத்தலை எடுத்து வந்து காட்டினார். அடியில் மணல், மேலே களி, அதற்கு மேல் கலங்கல் தண்ணீர். "பாத்தி போடுறதுக்கு முந்தி குலுக்கிப் பாத்தேன், தம்பி" என்றார்.

தோழர்களே, நிலம் எடுக்கப் போகிறவர்கள் அவரைப் போல் நஷ்டப்பட்ட பிறகு குலுக்க வேண்டாம். பணம் கொடுக்கும் முன்னே குலுக்கிப் பாருங்கள்.