தாங்குவோரைத் தாங்குவோம்

ஆண்டாண்டாகச் செபமாலையை முன்நின்று சொல்லி வந்த பாட்டி, ஒருநாள் பாதியில் தடுமாறுகிறார். பெற்ற மகனையே நோக்கி, "நீ யாரப்பா?" என்கிறார். பிடிவாதம் என்று வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு. ஆயின், இது நோய், குற்றமன்று. செர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டிலேயே இந்நோய் மூளையில் விட்டுச்சென்ற அடையாளங்களை எடுத்துரைத்தார்.

நினைவைச் சுமக்கும் நரம்பணுக்கள் தனித்து வாழ்வதில்லை. அவற்றைப் பேணிக் காக்கும் துணையணுக்கள் பல உள. அவற்றுள் விண்மீன் வடிவுடையவை 'ஆஸ்ட்ரோசைட்டுகள்' எனப்படும். இந்நோயில் சில புரதங்கள் தம் இயல்பான மடிப்புக் கெட்டு, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அத்திரள்களின் அருகேயுள்ள துணையணுக்கள் வாளாவிருப்பதில்லை, எச்.எஸ்.பி. 27, ஆல்ஃபா-பி கிரிஸ்டலின் போன்ற காவற்புரதங்களை மிகுதியாக ஆக்குகின்றன. இவை மடிப்புக் கெட்ட புரதங்களைப் பற்றிக்கொண்டு, திரளாதபடி தடுக்க முயல்கின்றன. நம் கண்வில்லை மங்காதிருக்க உதவுவதும் இந்தக் கிரிஸ்டலினே.

இவை 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்னும் இனத்தைச் சேர்ந்தவை. பழ ஈக்களின் புழுக்கள் மிகை வெப்பத்திற்கு உள்ளானபோது, அவற்றின் குரோமோசோம்கள் சிலவிடங்களில் புடைத்தெழுவதை இத்தாலிய அறிஞர் ஃபெருச்சோ ரித்தோசா கண்டு, 1962இல் வெளியிட்டார். அதிலிருந்தே இப்பெயர் வந்தது. வெப்பம் மட்டுமன்றி, வேறு பல துன்பங்களிலும் உயிரணுக்கள் இவற்றை ஆக்குகின்றன.

எனினும் இத்துணைக்கும் எல்லையுண்டு. முதுமையில் இவற்றை ஆக்கும் ஆற்றல் குன்றுகிறது. பாரம் மிகும்போது துணையணுக்களே தம் பணியில் தளர்ந்து, அழற்சியைத் தூண்டி, நரம்பணுக்களுக்குத் தீங்கிழைக்கவும் கூடும். இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே நோயாளரின் நாள்கள் பேணுவோரின் கைகளிலேயே உள்ளன.

நம் இல்லங்களில் அக்கைகள் யாருடையவை? பெரும்பாலும் ஒரு மகளுடையவை, அல்லது ஒரு மருமகளுடையவை. உறக்கமின்றி, ஞாயிறு திருப்பலிக்கும் செல்லவியலாமல், "மாமியைச் சினந்துவிட்டேனே" என்று பாவசங்கீர்த்தனத்தில் கண்ணீர் வடிப்பவள் அவளே. தாய் தந்தையரைப் பேணும் நான்காம் கட்டளை அவள் ஒருத்திக்கு மட்டும் தரப்பட்டதன்று.

உடன்பிறந்தோர் இரவுக் காவலை முறைவைத்துப் பகிரலாம். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் திருப்பலி வேளையில் நோயாளரருகே அமரலாம். அவளைக் கண்டால், "பாட்டி எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதோடு நில்லாது, "நீ உறங்கினாயா அம்மா?" என்றும் கேட்போம்.