கப்பலேறிப் போன ராணிகள்

1885 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு நீராவிக் கப்பலின் குளிரறையில் பம்பிள் தேனீ ராணிகள் உறங்கிக்கொண்டிருந்தன. குளிர்காலம் முழுதும் மண்ணுக்குள் தூங்குவது இந்த ராணிகளின் வழக்கம். பூமத்திய ரேகையைத் தாண்டும்போதும் குளிர் இன்னும் முடியவில்லை என்று குளிரறை அவற்றை ஏமாற்றிவிட்டது. அப்படியும் அந்த ஆண்டு வந்த இரண்டு கப்பல்களிலும் சேர்த்து உயிரோடு இறங்கியவை நூற்றுக்கும் குறைவு.

இவ்வளவு பாடும் ஒரு தீவனச் செடிக்காக. நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேய விவசாயிகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சிவப்பு குளோவர் விதைத்தார்கள். அவரை, பயறு குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி செழித்து வளர்ந்தது, பூத்தது, ஆனால் விதை சரியாகப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் விதையை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. குளோவர் பூவின் குழல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம். சாதாரணத் தேனீயின் நாக்கு அதன் அடிவரை எட்டாது. பம்பிள் தேனீகளில் நீண்ட நாக்குள்ள இனங்களுக்கு எட்டும். அவை வந்த பிறகு குளோவர் அங்கேயே நன்றாக விதை கட்டியது.

கப்பலேறிப் போய் நிலைத்த இனங்களில் குட்டைமுடி பம்பிள் தேனீயும் ஒன்று. ஊரில் மிஞ்சிய அதன் உறவுகளின் கதை வேறு. ரசாயன உரம் வந்ததும் நிலத்துக்குத் தழைச்சத்து தர குளோவர் தேவைப்படவில்லை. 1930களுக்குப் பிறகு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பூ நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் உழுதோ உரமிட்டோ அழிந்தது. கென்ட் மாவட்டத்தின் டஞ்சனஸ் கடற்கரையில் 1988இல் கடைசியாகக் கண்ணில் பட்ட இந்தத் தேனீ, 2000இல் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பிறந்த வீட்டில் அழிந்தது புகுந்த வீட்டில் பிழைத்திருந்தது!

அதை அழைத்துவரும் திட்டம் 2009இல் தொடங்கியது. நியூசிலாந்தில் பிடித்தவற்றை அடைத்து வளர்க்கப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில ராணிகளின் வாரிசுகள்தான் அங்கே இருப்பவை எல்லாம். மரபணு வளம் அவ்வளவு வற்றியிருந்தது. பிறகு ஸ்வீடனின் தெற்கு முனையிலுள்ள ஸ்கோனே பகுதிக்குப் போனார்கள். பிடித்த ராணிகளைத் தனிமைப்படுத்தி, அவற்றை மலடாக்கும் நுண்புழு முதலான ஒட்டுண்ணிகள் இல்லை என்று பார்த்து, 2012 மே மாதம் 51 ராணிகளை டஞ்சனஸில் பறக்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு வேலைக்காரத் தேனீகள் கண்ணில் பட்டன. அதாவது, எங்கோ ஒரு கூடு உருவாகியிருந்தது. தொடர்ந்து சில ஆண்டுகள் விட்டும் இனம் நிலைகொள்ளவில்லை.

செய்தித்தாள்கள் இந்த ராணிகளைத்தான் கொண்டாடின. எனக்கென்னவோ, பெரிய வேலை வயல் வரப்புகளில் நடந்தது என்றுதான் படுகிறது. டஞ்சனஸை ஒட்டிய ராம்னி மார்ஷ் சமவெளியின் விவசாயிகள், அரசு மானியத்தின் துணையோடு, வயலோரங்களில் குளோவரையும் மற்றப் பூச்செடிகளையும் விதைத்தார்கள். புல் அறுக்கும் நாளையும் ஆடு மேய்க்கும் நாளையும் மாற்றிக்கொண்டார்கள். இது கேட்பதற்கு எளிது. குட்டைமுடி ராணி மே கடைசியில்தான் கூடு கட்டத் தொடங்கும். அதன் புதிய ராணிகள் வெளிவரக் கோடையின் பின்பகுதி ஆகிவிடும். இடையில் இரண்டு வாரம் பூ இல்லாமல் போனாலும் கூடு பட்டினிதான். பம்பிள் தேனீ நம் மலைத்தேனீயைப் போல அடை நிறையத் தேன் சேர்த்து வைப்பதில்லை. சில நாள் இருப்புதான் இருக்கும்.

போட்ட பந்தலுக்கு மாப்பிள்ளை வரவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த ரூடரல் பம்பிள் தேனீ வந்து சேர்ந்தது. கிறீச்சென்ற ரீங்காரத்தால் பெயர் பெற்ற இன்னோர் அரிய இனமும் திரும்பியது. யாரும் அவற்றைப் பெட்டியில் கொண்டுவரவில்லை. அக்கம்பக்கத்தில் எங்கோ ஒண்டிக்கொண்டிருந்தவை, பூவைக் கண்டதும் தாமாகவே பறந்து வந்துவிட்டன.