புரதத்தின் அமைப்பும் புதிய குருதிக்கலன்களின் தோற்றமும்

புற்றுநோய்க் கட்டி தனக்கு வேண்டிய குருதிக்கலன்களைத் தானே தூண்டி வளர்க்கின்றது என்னும் கருத்தை யூடா போக்மன் 1971இல் முன்வைத்தார். அத்தூண்டலின் பொறிமுறையை, 1989இல் இனங்காணப்பட்ட குருதிக்கலன் அகவணி வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் தெளிவாக்கிற்று. எதிரெதிர்த் திசைகளில் அமைந்து, இருசல்பைட்டுப் பிணைப்புகளால் இணைந்த இரு சங்கிலிகளாலானது அது. அதனால் அதன் இரு முனைகளிலும் பிணைவிடங்கள் தோன்றுகின்றன. அவை அகவணிக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள இரு வாங்கிகளை ஒன்றுசேர்க்கின்றன; சேர்ந்த வாங்கிகள் ஒன்றையொன்று செயற்படுத்த, கலம் பெருகி முளைவிடுகின்றது. ஒரு முனை மட்டும் இதற்குப் போதாது. ஆகவே உருவம் இங்கு வெறும் புறத்தோற்றமன்று, செயலின் நிபந்தனையாகும்.

காயத்தை ஆற்றுவதும் கட்டியை ஊட்டுவதும் இதே செயன்முறைதான். 2004இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவசிசுமாப், இப்புரதத்தைப் பற்றி, வாங்கியை அடையாது தடுக்கின்றது. அமைப்பை அறிதல் அதனை மாற்றும் ஆற்றலையும் தருகின்றது. அவ்வாற்றலின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்பதோ சமுதாயம் விடையளிக்க வேண்டிய வினாவாகும்.